காரைக்குடி ராத்திரிக் கடையில் ஒரு சைனீஸ் அடுப்பு

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு ஃபாஸ்ட்ஃபுட் கடை நடத்துகிறார். சாயங்காலம் 6 மணிக்குத் திறந்தால் ராத்திரி 12.30 வரை ஓடும். ஆறு மேசை, தெருவைப் பார்த்த அடுப்பு, கரும்பலகையில் ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன். ஜவுளிக்கடை அடைத்துவிட்டு வருகிற பிள்ளைகள், பல்லவன் ரயிலில் வந்து இறங்கிப் பசியோடு வருகிறவர்கள், ஹாஸ்டல் பையன்கள் என்று 10 மணிக்கு மேல்தான் கூட்டமே சேரும்.

புரட்டாசி பிறந்து இரண்டாவது வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். "மச்சான், சிலிண்டர் ரெண்டு நாள் கூட நிக்க மாட்டேங்குது. மாஸ்டருக்குத் தோள்பட்டையும் போச்சு. வேற ஆள் பாக்கச் சொல்றாரு. நீங்க ஒரு எட்டு வந்து அடுப்பைப் பாருங்க."

நான் சிங்கப்பூரில் 14 வருஷம் ஹோட்டல் கட்டடங்களில் பராமரிப்பு வேலை பார்த்தவன். அதில் பெரும்பாதி சமையலறை வேலை. புரட்டாசியில் கறி விற்பனை பாதியாகிவிடும் என்பதால் அடுப்பைப் பிரித்துப் போட இதைவிட நல்ல நேரம் கிடையாது. சரி என்று போனேன்.

முதல் நாள் ராத்திரி எதையும் தொடவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த ரிப்பேருக்கும் இது என் வழக்கம். ஸ்பேனரை எடுத்துவிட்டால் கண் வேலை செய்யாது.

தீ மஞ்சளாக எரிந்தது. கடாயின் அடியில் கரி மெத்தை மாதிரி படிந்திருந்தது. 9.30 மணி வாக்கில் சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்தது, 10.30க்குத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது, தீயும் சோர்ந்தது. சோறு கடாயில் விழும்போது 'சடசட' என்று பொரிகிற சத்தம் இல்லை, 'புஸ்' என்று ஒரு சத்தம்தான். கடாயிலிருந்து எழுந்தது புகை இல்லை, ஆவி. மாஸ்டர் சோற்றை வதக்கவில்லை, அவித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் குற்றமில்லை. அந்தத் தீயில் யார் நின்றாலும் அதுதான் நடக்கும்.

கடைசியாகக் கண்ணில் பட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாஸ்டர் ஒவ்வொரு தடவை தூக்கிப் போடும்போதும் கடாயை முழுசாக அடுப்பிலிருந்து எடுத்தார். கடாய், சோறு, முட்டை, கோழி எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்குக் குறையாது. ஒரு பிளேட்டுக்கு முப்பது நாற்பது தடவை. ஒரு ராத்திரிக்கு எத்தனை பிளேட்! 26 வயசுப் பையன், திருப்பத்தூர்க்காரர். அடுப்பை அணைத்ததும் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சிங்கப்பூரில் நான் கேலாங் பக்கம் தங்கியிருந்தேன். ஒற்றைப்படை எண் சந்துகள் சாலைக்கு ஒரு பக்கம், இரட்டைப்படை எண் சந்துகள் மறுபக்கம். விடிய விடிய சீனச் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும். டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய் வந்த ராத்திரிகளில் அங்கேதான் சாப்பாடு. 1859ல் நம் நகரத்தார் கட்டிய அந்தக் கோயிலில் நம்மூர் பாஷையைக் கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் சீனத் தாத்தா ஒருவரின் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அந்த அடுப்பு சத்தம் போடும், ஜெட் விமானம் புறப்படுகிற மாதிரி. காற்றை உள்ளே தள்ள ஊதுவிசிறி உண்டு. கேஸைக் கூட்டிக் குறைக்க முழங்காலால் தள்ளுகிற நெம்பு. அடுப்பின் மேல்தகடு சூட்டில் வளையாமல் இருக்க அதன் மேல் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அறுபது வயசைத் தாண்டிய அந்தத் தாத்தா ராத்திரி முழுக்க நின்று சமைப்பார். அவர் கடாயைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. கடாய் அடுப்பின் விளிம்பில் சாய்ந்தபடியே முன்னும் பின்னும் வழுக்கும். சோறு மட்டும் எழும்பி விழும்.

2020ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இதையே வீடியோ எடுத்து அளந்திருக்கிறார்கள். நொடிக்கு ஏறக்குறைய 2.7 தடவை கடாய் ஆடுகிறது. முன்னும் பின்னும் தள்ளுவது ஒன்று, சீசாப் பலகை மாதிரி சாய்ப்பது ஒன்று, இரண்டும் கொஞ்சம் முன்பின்னாக. கடாய் அடுப்பின் விளிம்பை விட்டு எழுவதில்லை. நம் மாஸ்டருக்கு அப்படிச் செய்ய ஏன் முடியவில்லை என்பதற்கு விடை அடுப்பிலேயே இருந்தது. நம்மூர்ப் பட்டறையில் அடித்த ஆங்கிள் அடுப்பு அது. கடாய் உட்கார மூன்று முட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் வெல்டிங் கட்டி. கடாயைத் தள்ளினால் முட்டில் இடித்து நிற்கும். வழுக்க வழியில்லாதபோது தூக்கத்தானே வேண்டும்.

மறுநாள் காலை பிரித்தோம். இரண்டு சிலிண்டர் வால்வையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, குழாயில் மிச்சமிருந்த கேஸை எரித்து முடித்து, சிலிண்டர்களை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு படரும். அதனால் மேலே ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது. தரை மட்டத்தில் வழி வேண்டும். அந்தக் கடையில் நிலைப்படிக்குக் கீழே அப்படியொரு சந்து ஏற்கெனவே இருந்தது, நல்லவேளை.

இடது பர்னரைப் புரட்டாசி பிறந்ததிலிருந்து ஏற்றவில்லை. அதன் கலவைக் குழாயை, அதாவது கேஸும் காற்றும் சேர்ந்து பர்னருக்குப் போகிற அந்த வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே அழகாக ஒரு குளவிக்கூடு. மண்ணைக் குழைத்து வளையம் வளையமாகக் கட்டி வைத்திருந்தது. மாப்பிள்ளை முகம் மாறியது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் அப்பத்தா சொல்வார், கலைக்க விடமாட்டார். தங்கச்சி மகளுக்கு இது ஏழாவது மாதம். ஆனால் அந்தக் குழாயோடு பர்னரை ஏற்றியிருந்தால் காற்று போகாமல் தீ பின்னால் அடித்துக் குமிழ்ப் பக்கம் வந்திருக்கும், மாஸ்டரின் வயிற்றுக்கு நேராக. குச்சியால் உடைக்காமல், மூங்கில் சிம்பால் மெதுவாக நெம்பி முழுசாகவே எடுத்தேன். மாப்பிள்ளை அதை ஒரு இலையில் வைத்துக் கொல்லையில் வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தார்.

அடுப்பைச் சில நாள் சும்மா போட்டு வைப்பவர்கள் கலவைக் குழாயை வாரம் ஒரு தடவையாவது டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று நுழையும் வாயில் மெல்லிய கம்பிவலைகூட ஒட்டாதீர்கள். இந்த மாதிரிக் கடையில் வலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இரண்டு வாரத்தில் தானே அடைத்துக்கொள்ளும்.

வலது பர்னரின் நோய் வேறு. குழாய் சுத்தமாக இருந்தது. குழாய்க்குள் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற காற்றுத் தகடு மட்டும் பிசுக்கில் ஒட்டி முக்கால்வாசி மூடிய நிலையில் இறுகியிருந்தது. வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் ஊறப் போட்டதும் விட்டுக்கொடுத்தது. அப்புறம் ஜெட்டைக் கழற்றினேன். பட்டாணி அளவு பித்தளைத் துண்டு, நடுவில் ஊசி ஓட்டை. இடது ஜெட்டில் 1.5 மி.மீ. டிரில் பிட் நுழையவே இல்லை. வலது ஜெட்டில் அதே பிட் தொளதொளவென்று ஆடியது. தீ போதவில்லை என்று யாரோ ஒருவர் ஓட்டையைப் பெரிசாக்கியிருக்கிறார்.

இந்தத் தப்பைப் பல கடைகளில் செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஜெட்டிலிருந்து வேகமாகப் பாய்கிற கேஸ்தான் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. எல்பிஜியில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். முழுசாக எரிய, ஒரு பங்கு புரொப்பேனுக்கு ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு ஏறக்குறைய 31 பங்கு. ஓட்டையைப் பெரிசாக்கினால் கேஸ் கூடும். ஆனால் குழாய் அதே குழாய்தான் என்பதால் இழுக்கப்படும் காற்று அதே அளவுக்குக் கூடாது. எரியாத கரி மஞ்சளாக ஒளிர்ந்து கடாயடியில் போய் ஒட்டும். கரி சூட்டை உள்ளே விடாது. சூடு போதவில்லை என்று குமிழை இன்னும் திறப்பார்கள். சிலிண்டர் இரண்டு நாளில் தீர்ந்தது இப்படித்தான்.

புது ஜெட், இடதில் இருந்த அதே அளவில், இரண்டு பர்னருக்கும் போட்டேன். குழாய்களையும் வாஷரையும் மாற்றி, சோப்புத் தண்ணீரைக் குழைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவி, குமிழி வராததைப் பார்த்த பிறகே பற்ற வைத்தோம். காற்றுத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் திறக்க மஞ்சள் நுனி சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் காணாமல் போனது. இன்னும் திறந்தால் தீ பர்னரை விட்டு எழும்பிப் படபடத்தது. அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்வாங்கித் திருகை இறுக்கினேன். ஓட்டைக்கு ஓட்டை சின்னச் சின்ன நீலக் கூம்புகள். சத்தமும் மாறிவிட்டது. மாஸ்டர் சிரித்தார். "இது வேற அடுப்பு மாதிரி கேக்குதுண்ணே."

சிலிண்டர் வியர்ப்பது அடுப்பின் நோய் இல்லை. உள்ளே திரவமாக இருக்கிற கேஸ் ஆவியாக வேண்டுமானால் எங்கிருந்தாவது சூட்டை எடுக்க வேண்டும். சிலிண்டரின் உடம்பிலிருந்து எடுக்கிறது. பெரிய பர்னர் இழுக்கிற வேகத்துக்கு வெளிக்காற்று சூட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சிலிண்டர் குளிர்ந்துபோகிறது, அழுத்தம் விழுகிறது. சில கடைகளில் சிலிண்டரைச் சாய்க்கிறார்கள், வெந்நீர் அண்டாவுக்குள் இறக்குகிறார்கள். சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வந்துவிடும். கை கூப்பிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். இரண்டு 19 கிலோ சிலிண்டரை ஒரே குழாயில் சேர்த்து இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்தால் இழுப்பு பாதியாகப் பிரிந்துவிடும். அந்த வேலையை நான் செய்யவில்லை. ஏஜென்சி மெக்கானிக் வந்து, கடைக்கு வெளியே கம்பிக்கூண்டு வைத்துச் செய்துகொடுத்தார். உயர் அழுத்தக் குழாயில் நமக்குத் தெரியும் என்று கை வைப்பது சரியில்லை.

முழங்கால் நெம்பு போட மாப்பிள்ளை ஆசைப்பட்டார். மறுத்துவிட்டேன். கேலாங் அடுப்பில் எப்போதும் எரிகிற சின்னப் பைலட் தீ உண்டு. கேஸை மூடித் திறந்தாலும் அது பற்ற வைத்துவிடும். நம் அடுப்பில் அது இல்லை. தீ அணைந்த பிறகு நெம்பு பட்டால் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது வளையம். கடாய் உட்கார்ந்த அந்த மூன்று முட்டுகளையும் கிரைண்டரில் அறுத்தெடுத்தோம். தெரிந்த பட்டறையில் 5 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையை 11 அங்குல வட்டமாக வளைத்து, அதன் கீழே காற்றுத் தடுப்பாக ஒரு தகட்டுப் பாவாடை வைத்தோம். புகை போக நாலு துவாரம், நாலும் சுவர்ப் பக்கம். மாஸ்டர் நிற்கிற பக்கத்தில் ஒன்றும் இல்லை. பழைய அடுப்பில் அனல் அவர் மணிக்கட்டு மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. உயரத்துக்கு அளவுகோல் தீதான். நீலக் கூம்பின் நுனி கடாயைத் தொடக்கூடாது, தொட்டால் அங்கேயே குளிர்ந்து பாதி எரிந்த கேஸாகப் போகும். ரொம்ப எட்டவும் இருக்கக்கூடாது. கூம்பு நுனிக்குக் கொஞ்சம் மேலேதான் தீயில் அதிகச் சூடு. செங்கல் சில்லுகளை அண்டை கொடுத்துக் கொடுத்துப் பார்த்து, முன்பு இருந்ததைவிட முக்கால் அங்குலம் உயர்த்தினோம்.

வளையத்தின் முன்பக்கம், மாஸ்டர் பக்கத்து விளிம்பில், 12 மி.மீ. உருட்டுக் கம்பியை அதே வளைவுக்கு வளைத்து வைத்து வெல்டு செய்யச் சொன்னேன். கடாயின் முதுகு சாய்ந்து வழுக்கப்போகிற இடம் அது. வெல்டிங் பற்றுகளைக் கிரைண்டரில் எடுத்து, எமரித் தாளில் முரட்டுத் தாளில் தொடங்கி நைசுத் தாள் வரை நாலு தாள் மாற்றித் தேய்த்தேன். கண்ணை மூடி விரலை ஓட்டினால் பற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியக்கூடாது. இதற்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஆனது. முழு வேலையிலும் நான் அதிகம் மெனக்கெட்டது இந்த ஒரு சாண் கம்பிக்குத்தான்.

அன்று ராத்திரி மாஸ்டரை வெறும் கடாயில் ஒரு படி உளுந்தைப் போட்டு ஆட்டச் சொன்னேன். பழக்கத்தில் தூக்கினார். "தூக்காதீங்க தம்பி. தள்ளி விட்டு இழுங்க. கடாய் அடுப்புலயே சாயட்டும்." முதல் பத்துத் தடவை உளுந்து அடுப்பிலும் தரையிலும் சிதறியது. அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. சுமார் அரை மணி நேரத்தில் உளுந்து எழும்பி மடிந்து விழுந்தது, அலை மாதிரி. அவர் தோள் அசையவில்லை, முழங்கையும் மணிக்கட்டும்தான். கையை உதறிப் பார்த்தார். "வலிக்கலண்ணே." அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. எனக்கும்தான்.

பழைய கடாய் அடி நெளிந்து போயிருந்ததால் 16 அங்குலத்தில் புது இரும்புக் கடாய் ஒன்று வாங்கினோம். நம் வீடுகளில் இருப்புச்சட்டி என்று சொல்வோமே, அதன் மெல்லிய தம்பி. துருப்பிடிக்காமல் இருக்கக் கடையில் பூசிய எண்ணெய்ப் பூச்சைச் சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்துவிட்டு, காய்ந்ததும் வெறும் தீயில் ஏற்றினேன். சாம்பல் நிற இரும்பு முதலில் வைக்கோல் நிறமானது, அப்புறம் பழுப்பு, கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து நீலம். 300 டிகிரிக்கு அருகில் வருகிற நிறம் அது. கடாயைச் சுற்றித் திருப்பித் திருப்பி, விளிம்பு வரை அந்த நீலத்தை ஓட்டினேன்.

அதன் மேல் எண்ணெய். இங்கே முதல் தடவை தப்புப் பண்ணினேன். கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டேன். வார்னிஷ் மாதிரிப் பிசுபிசுத்து நின்றது. தேய்த்தெடுத்துத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, வேறொரு காய்ந்த துணியால் தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். அப்புறம் புகை அடங்கும் வரை தீ. இப்படி ஐந்து முறை. அதன்பிறகு அப்பத்தா தோசைக்கல் பழக்குகிற மாதிரியே ஒரு பிடி வெங்காயத்தாளைப் போட்டு நன்றாகக் கருகும்வரை வதக்கிக் கொட்டினோம். முட்டையை ஊற்றியபோது ஒட்டாமல் வழுக்கியது.

சோறு பற்றி மாஸ்டருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. அவர் பாஸ்மதியை வடித்துச் சூட்டோடு அண்டாவில் மூடி வைத்துவிடுவார். ஈரம் உள்ளேயே நிற்கும், சோறு குழையும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கிற சோற்றில் முளைத்து நஞ்சைக் கக்கும். அதில் ஒரு வகை நஞ்சு மறுபடி வதக்கினாலும் போகாது. அதனால் இப்போது ஒரு கொதி குறைவாக வடித்து, அகலத் தட்டுகளில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, ஃபேனில் ஆறவிட்டு, ஆறியதும் குளிர்பெட்டியில் வைக்கிறோம். குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகிப் பருக்கை தனித்தனியாக நிற்கும். கடாயில் போடும்முன் கையால் உதிர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஈட்டுக்கு நாலு பிளேட் போட்டதையும் நிறுத்தினோம். இரண்டுக்கு மேல் போட்டால் எந்தத் தீயும் தோற்கும். சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் கடாயின் விளிம்பில் ஓட விட்டால், காய்ந்த இரும்பில் அது கருகாமல் முறுகி ஒரு வாசம் எழும்பும். கடாய் சாயும்போது எண்ணெய்த் துளி தீயில் பட்டு ஒரு நொடி பற்றி அணையும். அந்த இரண்டும் சேர்ந்த வாசத்தைத்தான் கான்டனீஸ் மொழியில் 'வோக் ஹே', கடாயின் மூச்சு, என்கிறார்கள். இது எந்தப் பாட்டிலிலும் வராது. நம் கடையின் மெனு கேலாங்கிலிருந்து வந்ததில்லை. கல்கத்தா டாங்கிராவில் தோல் பதனிட்ட ஹக்கா சீனர்களின் கைவழியும், 1975ல் மும்பையில் நெல்சன் வாங் செய்த சிக்கன் மஞ்சூரியனும்தான் நம் கரும்பலகை வரை வந்து சேர்ந்திருக்கின்றன. நம்மூர் நாக்குக்கு ஏற்ற காரமும் அதில் ஏறிவிட்டது. அதை மாற்ற எனக்கு ஆசையில்லை. அந்த மெனுவுக்கும் இந்த மூச்சு கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஐப்பசி பிறந்து கூட்டம் திரும்பிவிட்டது. பழைய கணக்கில் இரண்டு நாளில் தீர்ந்த கேஸ் இப்போது மூன்றாம் நாள் ராத்திரி வரை வருகிறது. கடாயடியில் கரி இல்லை. மாஸ்டர் வேறு ஆள் பார்க்கச் சொன்ன பேச்சையே எடுப்பதில்லை. நேற்று ராத்திரி 12 மணிக்கு மேல் எனக்கென்று ஒரு முட்டை ஃப்ரைட் ரைஸ் போட்டுக் கொடுத்தார். தட்டை வைத்துவிட்டு, "அண்ணே, இடது அடுப்புக்கும் அந்த வழுவழுப்புக் கம்பியை வச்சிருங்க, கூட நிக்கிற பையனுக்கும் பழக்கிவிட்டுருவேன்" என்றார். பட்டை வளைக்கக் கொடுத்தாயிற்று. எமரித் தாள் நாலு வாங்கி வைத்திருக்கிறேன்.